பதினான்காவது கட்டம் பச்சை

2025 மார்ச் 11, செவ்வாய்க்கிழமை. காலை ஐந்தரைக்கு எழுந்தேன். சாம்பல் புதன் கழிந்து ஆறாம் நாள், தவக்காலம்; காப்பியில் சர்க்கரை இல்லை. இரவே ஊறவைத்திருந்த கொண்டைக்கடலையை வேகவைத்துத் தாளித்து, கணவர் மதியம் சாப்பிட ஒரு டப்பாவில் போட்டு மேசைமேல் வைத்தேன். ஆறு ஐம்பதுக்குக் காரை எடுத்தேன். ஞாயிறு அதிகாலை இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிட்டதால், போன வாரம் வெளிச்சமாக இருந்த பிளெய்ன்ஸ்பரோ சாலை மறுபடி இருட்டாகியிருந்தது. பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ஏழு பதினான்கு ரயில். மூன்றாவது பெட்டி, எப்போதும் உட்காரும் ஜன்னல். நியூவார்க்கில் இறங்கி ஒன்பது நிமிட நடை. இந்த வழியில் போகும் கடைசி நாள் என்று ரயிலிலேயே டைரியில் எழுதினேன். அதற்குமேல் அதைப் பற்றி எழுத ஒன்றும் தோன்றவில்லை.

மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் பத்தொன்பதரை வருடம் வேலை பார்த்தேன். முதல் ஆறு வருடம் ஓர் இந்தியக் கம்பெனியின் ஆளாக அங்கே உட்கார்ந்திருந்தேன். பிறகு நிறுவனமே என்னை எடுத்துக்கொண்டது. ஆளில்லாத நேரத்தில் தானாக ஓடும் நிரல்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எது எத்தனை மணிக்குத் தொடங்க வேண்டும், எது எதற்காகக் காத்திருக்க வேண்டும், எது ஓடாவிட்டால் யாருக்கு என்ன ஆகும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். இதில் கடைசி விஷயம் எந்தக் கையேட்டிலும் இல்லை.

ஜனவரியில் ஒரு மின்னஞ்சல் வந்தது. எங்கள் பதினொரு பேரின் வேலையும் கோயம்புத்தூருக்குப் போகிறது. அந்த மின்னஞ்சலில் 'பயணம்' என்ற சொல் நான்கு முறை வந்திருந்தது, எண்ணிப் பார்த்தேன். எங்களை வெளியே அனுப்புவதைத்தான் அப்படிச் சொல்லியிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டவணை. என்னுடையதில் இருபத்திரண்டு கட்டங்கள், ஒரு வேலைக்கு ஒரு கட்டம். சொல்லிக்கொடுக்காத வேலை சிவப்பு, பாதி சொல்லிக்கொடுத்தது மஞ்சள், முழுதாக ஒப்படைத்தது பச்சை. கடைசி நாள் மாலை ஐந்து மணிக்குள் இருபத்திரண்டும் பச்சையாகி நான் கையெழுத்தும் போட்டுவிட்டால், குடும்பத்துக்கான மருத்துவக் காப்பீடு செப்டம்பர் வரை தொடரும். ஒரு கட்டம் குறைந்தாலும் மார்ச்சோடு முடிந்துவிடும்.

என் கணவருக்கு ஏப்ரல் 22 அன்று ஹெர்னியா ஆபரேஷன். அவருடைய வேலை இரண்டு வருடத்துக்கு முன்பு இதே மாதிரி ஹைதராபாத்துக்குப் போனது. இருபத்தாறு வருடம் டேட்டாபேஸ் பார்த்தவர், இப்போது ரியல் எஸ்டேட் லைசென்ஸ் வாங்கிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். இதுவரை ஒரு வீடு விற்றார். வாங்கியவர் எங்கள் கோயில் கொயரில் பாடுபவர். ஆக, வீட்டில் இருக்கும் ஒரே காப்பீடு என்னுடையது. அன்று மாலை ஐந்து மணிதான் எனக்குக் கணக்கு.

எட்டரைக்குக் கோயம்புத்தூரோடு கடைசி அழைப்பு. இதற்கு ரிவர்ஸ் கே.டி. என்று பெயர். வேலையைச் சொல்லிக்கொடுப்பது கே.டி.; கற்றுக்கொண்டவர் அதையே நமக்குத் திருப்பிச் சொல்வது ரிவர்ஸ் கே.டி. திருப்பிச் சொல்லிவிட்டால் கட்டம் பச்சை. என் வேலையை வாங்கிக்கொள்பவர் நாற்பதை ஒட்டிய பெண்மணி. இரண்டு பிள்ளைகளை வளர்க்க எட்டு வருடம் வீட்டில் இருந்துவிட்டு மறுபடி வேலைக்கு வந்தவர். ஒவ்வொரு ஸ்லைடாகத் தள்ளி அழகாக ஒப்பித்தார். பதினான்காவது, வாராந்திரக் கோப்பு. அதையும் ஒப்பித்தார்.

அந்தக் கோப்பு ஞாயிறு அதிகாலை இரண்டே காலுக்குக் கிளம்பும். அந்த வாரம் புதிதாகக் காப்பீட்டில் சேர்ந்தவர்களின் பெயர்களை மருந்துக் கடைகளுக்கு எடுத்துக்கொண்டு போகும். பெயர் போகாவிட்டால் கடைக்காரருக்கு அவர்களைத் தெரியாது. வருடத்தில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் இரண்டே கால் என்ற நேரமே கிடையாது. வசந்தத்தில் கடிகாரத்தை முன்னே தள்ளும்போது இரண்டு மணி நேராக மூன்றாகிவிடும். நிரல்களை நேரம் பார்த்துக் கிளப்பும் எங்கள் பழைய ஷெட்யூலர் இரண்டே காலுக்காகக் காத்திருந்துவிட்டு, அது வராததால் பேசாமல் இருந்துவிடும். ஆகவே முந்தின நாள் சனிக்கிழமை ஒருவர் கையால் அந்த நேரத்தை மூன்றே காலாக மாற்றி வைக்க வேண்டும். இதை நிரந்தரமாகச் சரிசெய்யச் சொல்லி இரண்டு முறை எழுதினேன். அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள். எனவே ஒவ்வொரு வருடமும் அந்தச் சனிக்கிழமை நானே செய்தேன்.

இந்த வருடம் என்னால் முடியவில்லை. வெள்ளிக்கிழமையே எதையும் மாற்றும் உரிமையை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். பார்க்கலாம், தொட முடியாது. ஆகவே வெள்ளி காலை அந்தப் பெண்மணியிடம் சொன்னேன். "நோட்டட் மேடம்" என்றார். சனிக்கிழமை காலை ஜெபமாலை சொல்லிக்கொண்டிருக்கும்போது நடுவில் நினைவு வந்து, வாட்ஸ்அப்பில் 'முடிந்ததா?' என்று கேட்டேன். ஒரு கட்டைவிரல் வந்தது. நானும் ஜெபமாலையை முடித்தேன். திங்கள்கிழமை கணவரோடு மருத்துவமனைக்குப் போக லீவு.

செவ்வாய் பத்து நாற்பதுக்கு, யாரும் கேட்காமல், பழக்கத்தில் அந்தக் கோப்பின் பதிவைத் திறந்தேன். மார்ச் 2 இருந்தது. மார்ச் 9 இல்லை. இரண்டு முறை புதுப்பித்துப் பார்த்தேன். காத்திருக்கும் பெயர்களின் பட்டியலைத் திறந்தேன். பல பக்கங்கள். அதில் பிறந்த தேதியே போன வாரமாக இருந்த பெயர்களும் இருந்தன.

எங்கள் வேலையை வாங்கிக்கொள்ளும் கோயம்புத்தூர்க் கம்பெனிக்காக எங்கள் தளத்திலேயே உட்கார்ந்திருக்கும் ஆன்சைட் கோஆர்டினேட்டர் ஒருவர் உண்டு. முப்பத்தாறு வயது, குரோம்பேட்டைக்காரர். எங்கள் அபார்ட்மென்ட்டிலேயே இரண்டு கட்டடம் தள்ளிக் குடியிருக்கிறார். நாங்கள் ஊருக்குப் போகும்போது அவர் மனைவிதான் எங்கள் கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார். அதனால் அவரை முழுதாக வெறுக்க முடிவதில்லை. அவரை என் திரைக்கு முன்னால் கூப்பிட்டேன்.

"அக்கா, கடைசி நாள்லயும் லாக் பாக்கறீங்களா? உங்களுக்குச் சிலை வெக்கணும்க்கா."

"இத பாருங்க. வீக்லி ஃபைல் ஓடல."

"எல்லாம் பச்சையாதானே இருக்கு?"

"ஃபெயில் ஆனாத்தான் சிவப்பு வரும். இது ஸ்டார்ட்டே ஆகல. ஸ்டார்ட் ஆகாதது எப்படி ஃபெயில் ஆகும்?"

திரையை நெருங்கிப் பார்த்தார். "அப்போ டெக்னிக்கலா பாத்தா தப்பு எதுவும் நடக்கல."

"டெக்னிக்கலா பாத்தா, கடைல நிக்கறவங்களுக்கு மருந்து இல்ல."

அவர் என்னைப் பக்கத்து மீட்டிங் அறைக்கு அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினார். இப்போதே கையால் ஓட்டச் சொல்லுங்கள், பத்து நிமிட வேலை என்றேன்.

"டிக்கெட் இல்லாம ப்ரொடக்ஷன்ல யாரும் கை வெக்க முடியாதுக்கா. ரூல் போட்டதே நீங்கதானே? டிக்கெட் போட்டா இன்சிடென்ட். இன்சிடென்ட்டுன்னா பதினாலாவது பாக்ஸ் சிவப்பு. அது சிவப்புன்னா உங்க சைன்-ஆஃப் இல்ல." டிக்கெட் என்பது கோளாறை எண் போட்டுப் பதிவது; சைன்-ஆஃப் என் கையெழுத்து. குரலைத் தணித்தார். "மாமாவுக்கு ஏப்ரல்லதானேக்கா ஆபரேஷன்?"

உண்மையான அக்கறையோடுதான் கேட்டார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை அது தானா ஓடும். ரெண்டு வாரத்துப் பேரும் சேந்து போயிடும். நடுவுல அஞ்சு நாள். அவ்ளோதான். யாராச்சும் கால் பண்ணா கால் சென்டர் பாத்துக்கும்."

"கால் சென்டர் யாரு?"

"அதுவும் நாமதான்" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு, நான் சிரிக்காததைப் பார்த்து, "சாரிக்கா" என்றார்.

பதினொன்றே காலுக்குக் கோயம்புத்தூருக்குப் பேசினேன். அங்கே இரவுச் சாப்பாட்டு நேரம். பின்னால் குக்கர் சத்தம் கேட்டது. என்ன நடந்தது என்று கேட்டதும் அவர் தடங்கலில்லாமல் சொன்னார்.

"மேடம், டைம் மாத்தறதுக்கு அப்ரூவல் கேட்டு சனிக்கிழமையே போட்டுட்டேனுங்க. எங்க மேனேஜர் திங்கக்கிழமைதானுங்க ஆபீஸ் வந்தாரு. வந்ததும் அப்ரூவ் பண்ணிட்டாருங்க. நானும் உடனே டாஸ்க்க க்ளோஸ் பண்ணிட்டேனுங்க."

"ஃபைல் ஞாயித்துக்கிழமை காலைல போக வேண்டியதும்மா."

பின்னால் குக்கர் விசில் அடித்தது; அடுப்பை அணைத்துவிட்டு வந்தார்.

"டாஸ்க் க்ளோஸ் ஆயிருச்சுங்களே மேடம்" என்றார்.

அவர் ஏமாற்றவில்லை. சனிக்கிழமை அனுப்பிய கட்டைவிரலும் பொய்யில்லை. அனுமதி கேட்கும் படிவத்தை அனுப்பியாயிற்று என்று அதற்குப் பொருள். அவரிடம் நான் ஒப்படைத்தது ஒரு ஸ்லைடு. அந்த ஸ்லைடில் இருந்த ஒவ்வொரு வரியையும் அவர் செய்தார். செய்து முடித்தபோது அந்த ஞாயிற்றுக்கிழமை போய்விட்டிருந்தது.

"மேடம், இந்த மாசம் எனக்கு கன்ஃபர்மேஷனுங்க. எட்டு வருசம் கழிச்சு வந்திருக்கேன். இன்சிடென்ட்ல என் பேரு வந்தா விட்டுருவாங்க மேடம். பச்சை போட்டுருங்க. புரிஞ்சிருச்சுங்க, அடுத்த வருசம் கண்டிப்பா மறக்க மாட்டேனுங்க."

'புரிந்துவிட்டது.' இந்தச் சொல் எனக்குப் புதிதில்லை.

2005 செப்டம்பரில் நான் இந்தக் கட்டடத்துக்கு வந்தது கே.டி. வாங்கத்தான். சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தவர் ஐம்பத்தெட்டு வயது அமெரிக்கப் பெண்மணி. இருபத்தேழு வருடம் அந்த வேலையைச் செய்தவர். மேசையில் ஒரு கண்ணாடி ஜாடி நிறைய பெப்பர்மின்ட் மிட்டாய் வைத்திருப்பார். தினமும் காலையில் அதை என் பக்கம் நகர்த்துவார். எனக்குச் சொல்லிக்கொடுத்து முடிக்காவிட்டால் அவருக்குச் சேர வேண்டியது சேராது என்று ஏற்பாடு. அது எனக்குத் தெரியும். எங்கள் குழுவில் எல்லோருக்கும் தெரியும். அதைப் பற்றி மதியச் சாப்பாட்டில் தமிழில் வேடிக்கையாகப் பேசியிருக்கிறோம். அவர் மெதுவாகப் பேசினாலும் எனக்குப் பாதிதான் விளங்கும். ஆனாலும் ஒவ்வொரு பத்தி முடிவிலும் "யெஸ், அண்டர்ஸ்டுட்" என்றேன். என் மேனேஜர் அப்படித்தான் சொல்லச் சொல்லியிருந்தார். புரியவில்லை என்று ஒருநாள் சொன்னால் ஒருநாள் தள்ளிப்போகும். தள்ளிப்போனால் என்னை ஊருக்கு அனுப்பிவிட்டு வேறு ஆளைக் கூப்பிடுவார்கள். அந்த அம்மா என் முகத்தையே பார்ப்பார். எனக்குப் புரியவில்லை என்பது அவருக்குத் தெரியும். அவரும் டிக் போட்டார்.

கடைசி நாள் எல்லாரும் போன பிறகு, காப்பி இயந்திரத்தின் அருகே வந்து ஒரு மஞ்சள் துண்டுச் சீட்டை என் கையில் கொடுத்தார். அது அவருடைய பட்டியலில் இல்லை. அதைக் கொடுக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. ஐந்து மாதம் கழித்து வரப்போகும் ஒரு சனிக்கிழமையில், தன் வேலையைப் பிடுங்கியவள் என்ன செய்ய வேண்டும் என்று இரண்டு வரி எழுதியிருந்தார். கடைசியில் ஒரு வாக்கியம்: இதற்கு யாரும் உனக்கு நன்றி சொல்லப் போவதில்லை. கோபத்தில் எழுதினாரா, எச்சரிக்கையாக எழுதினாரா, இன்றுவரை தெரியவில்லை.

பன்னிரண்டரைக்கு எங்களுக்கு வழியனுப்பு விருந்து. எடிசனிலிருந்து மூன்று தட்டு பிரியாணி. கோஆர்டினேட்டர் என் தவக்காலத்தை நினைவில் வைத்து எனக்கென்று தனி டப்பா வாங்கி அதன்மேல் மார்க்கரால் 'அக்கா, வெஜ், லென்ட்' என்று எழுதி வைத்திருந்தார். சுவர்த் திரையில் டெக்சாஸிலிருந்து டைரக்டர் மூன்று நிமிடம் பேசினார். எங்கள் ஒப்படைப்பு மற்ற குழுக்களுக்கு முன்மாதிரி என்றார். ஒரு சிவப்பும் இல்லாமல் முடியப்போகும் முதல் குழு இதுதான் என்றார். திரையில் அவருடைய கட்டைவிரல் என் தலை அளவுக்கு இருந்தது. மீட்டிங் அறை முழுக்க நெய்யும் கிராம்பும் மணத்தது. வேலை போன பதினொரு பேரும் பிளாஸ்டிக் தட்டை மடியில் வைத்துக்கொண்டு கைதட்டினோம். நானும் தட்டினேன். பிறகு தயிர்ப் பச்சடி ஊற்றிக்கொண்டு இன்னொரு முறை சாப்பிட்டேன்.

அன்று மாலை நான் என்ன செய்தேன் என்பதை மாற்றாமல் எழுதுகிறேன். நான்கு பன்னிரண்டுக்கு அட்டவணையைத் திறந்தேன். இருபத்தொரு கட்டம் பச்சை. நான் இன்னும் மாற்றாத பதினான்காவது மட்டும் மஞ்சள். நாற்பது நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு ஐம்பத்திரண்டுக்கு அதைப் பச்சையாக்கிக் கையெழுத்துப் போட்டேன்.

கணவருக்காகச் செய்தேன் என்று சொல்லலாம். அந்தக் கோயம்புத்தூர்ப் பெண்மணிக்காக என்றும் சொல்லலாம். இரண்டும் பொய்யில்லை. ஆனால் அந்த நாற்பதாவது நிமிடத்தில் என் கையை நகர்த்தியது இரண்டுமில்லை. இருபத்தொரு பச்சைக்கு நடுவில் ஒரு மஞ்சள் இருப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. சிறு வயதிலிருந்தே எனக்கு அப்படித்தான். பாதி நிரம்பிய படிவம், மூடாத டப்பா, எழுதாத ஒரு நாள், எதையும் விட்டுவைக்க மாட்டேன். என்னுடைய இந்த ஒழுங்கை எல்லோரும் மெச்சினார்கள். இந்த ஏற்பாடு முழுவதும் என்னைப் போன்றவர்களின் அந்தக் கைப்பழக்கத்தை நம்பித்தான் நடக்கிறது. எங்களுக்குக் கட்டம் போட்டுக் கொடுத்தால் போதும், நிரப்பிவிடுவோம்.

ஐந்து மணிக்குக் கோஆர்டினேட்டர் என் அடையாள அட்டையை வாங்கி ஒரு ஜிப் கவரில் போட்டு அழுத்தி மூடினார். வீட்டில் மீந்த கொத்தமல்லியைப் போட்டு வைப்போமே, அந்த மாதிரிக் கவர். "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்கக்கா, சாப்பிட. நீங்க ரிலாக்ஸா இருக்கணும் இனிமே" என்றார். அப்போது ஊரில் அதிகாலை இரண்டரை. எழுந்து தன் அட்டவணையைப் பார்த்திருக்க வேண்டும், அந்தப் பெண்மணி ஒரு செய்தி அனுப்பியிருந்தார்: கும்பிட்ட இரண்டு கைகள்.

வீட்டுக்குள் நுழையும்போது ஏழு மணி. கணவர் சோபாவில் இடப்பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்; வலி இருக்கும் நாளில் அப்படித்தான் உட்காருவார்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"எல்லாம் க்ரீன்?"

"எல்லாம் க்ரீன்."

"அப்பாடா. ஏம்மா, என் ஒரு குடலிறக்கத்துக்கு இத்தன கையெழுத்தா! இனி இத நல்லா பாத்துக்கணும். கம்பெனி சொத்து."

சிரித்தேன். பிறகு சப்பாத்தி போட்டுக்கொண்டே கோப்பின் கதையைச் சொன்னேன். அவர் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கேட்டார். இரண்டு வருடத்துக்கு முன்பு அவருடைய வேலை போனபோது, அவர் காப்பீட்டிலிருந்து என் காப்பீட்டுக்கு மாறும் இடைவெளியில், பிரஷர் மாத்திரை வாங்கக் கடைக்குப் போனார். கடைக்காரப் பெண் கணினியைப் பார்த்து, நீங்கள் எங்களிடம் இல்லை என்றாள். பின்னால் வரிசையில் எங்கள் கோயில்காரர்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். இவர் கார்டை மறுபடி மறுபடி நீட்டிவிட்டு, மாத்திரை இல்லாமல் வெளியே வந்து காரில் உட்கார்ந்து எனக்குப் போன் செய்தார். "நான் சிஸ்டத்துல இல்லையாம்" என்றார். அந்தக் குரல் எனக்கு நினைவிருக்கிறது. என் கோப்பு ஞாயிற்றுக்கிழமை ஓடும், அதுவரை பொறுங்கள் என்று அன்று சொன்னதும் நான்தான்.

"அஞ்சு நாள்தானாம்" என்றேன்.

அவர் மீதிச் சப்பாத்தியை ஓரமாக ஒதுக்கினார். பிறகு, "இதுல நான் எதுவும் சொல்ல மாட்டேன். ஆபரேஷன் எனக்கு. சொல்லுன்னு சொன்னா பெரிய மனுஷன் ஆயிடுவேன். விடுன்னு சொன்னா கோழை ஆயிடுவேன். ரெண்டுக்கும் எனக்குத் தெம்பு இல்ல" என்றார். தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார்.

ஏழே முக்காலுக்கு டைரி எழுத உட்கார்ந்தேன். நேரம், ரயில், இருட்டு, டைரக்டர் பேசிய மூன்று நிமிடம், கையெழுத்து நான்கு ஐம்பத்திரண்டு. எழுதிக்கொண்டே போனேன். 'வெஜ் பிரியாணி நன்றாக இருந்தது' என்று எழுதிவிட்டு நிறுத்தினேன். அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து 2005-ஐ எடுத்தேன். டைரிகள் வருட வரிசையில்தான் இருக்கின்றன, தேட வேண்டியிருக்கவில்லை. அக்டோபர் 28, வெள்ளி. என் கையெழுத்து இப்போதைவிடக் குண்டாக இருந்தது.

'இன்று அந்த அம்மாவுக்குக் கடைசி நாள். மதியம் கேக் வெட்டினார்கள். வனிலா. இரண்டு துண்டு சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. மாலை மழை.'

எதிர்ப் பக்கத்தில் மஞ்சள் சீட்டு. ஒட்டிய பசை பழுப்பேறியிருந்தது. அவர் என்னிடம் வந்து பேசியதையோ, காப்பி இயந்திரத்தின் அருகே அவருடைய கை எப்படி இருந்தது என்பதையோ நான் எழுதவில்லை. மழை பெய்ததை எழுதியிருக்கிறேன். இருபத்தெட்டு டைரிகள் வைத்திருக்கிறேன். எல்லாவற்றிலும் தேதி சரியாக இருக்கும், சாப்பாடு சரியாக இருக்கும். எனக்கு வாயில் கிராம்பு வாசனை வந்தது. எழுந்து போய் வாயைக் கொப்பளித்தேன். மறுபடி கொப்பளித்தேன்.

யோசித்தேன். என் அடையாள அட்டை இல்லை, லேப்டாப் இல்லை. டிக்கெட் போட எனக்கு உரிமை இல்லை. கோஆர்டினேட்டர் போடமாட்டார், கோயம்புத்தூரில் போட முடியாது. ஆனால் காப்பீட்டில் இருக்கும் எவரும் கார்டின் பின்னால் உள்ள எண்ணுக்குப் பேசிப் புகார் கொடுக்கலாம். உறுப்பினர் கொடுக்கும் புகாருக்குக் கட்டாயம் ஓர் எண் விழும். எண் விழுந்தால் அதை யாரும் சத்தமில்லாமல் மூட முடியாது. அந்த விதியை எழுதிய குழுவில் நானும் இருந்தேன். புகார் விழுந்தால் பதினான்காவது கட்டத்தைத் தோண்டுவார்கள். அதற்குக் கீழே நான்கு ஐம்பத்திரண்டு என்ற நேரத்தோடு என் கையெழுத்து இருக்கும். பொய்க் கையெழுத்து என்று செப்டம்பர் வரையிலான காப்பீட்டை அவர்கள் நிறுத்தலாம். ஏப்ரல் 22 போய்விடலாம். கோயம்புத்தூரில் ஒருத்தி மறுபடி வீட்டுக்குப் போகலாம். இதையெல்லாம் வரிசையாக எழுதினேன். எதிரே என்ன செய்வதென்று எழுதாமல், முதல் முறையாக ஒரு பக்கத்தைப் பாதியில் விட்டுவிட்டு விளக்கை அணைத்தேன்.

மார்ச் 12, புதன். ஐந்தரைக்கு எழுந்தேன். போக ரயில் இல்லை. அடுப்பைப் பற்றவைக்கும் முன் கைப்பையிலிருந்து காப்பீட்டு கார்டை எடுத்து, பின்பக்கத்து எண்ணை அழுத்தினேன். இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்கும் எண் அது. எடுப்பவர்கள் இந்த நாட்டில் இல்லாததால் அது முடிகிறது. ஓர் ஆண் குரல் ஆங்கிலத்தில் வணக்கம் சொன்னது. ஆங்கிலத்துக்கு அடியில் மதுரைப் பக்கம் கேட்டது. நான் கண்டுகொள்ளவில்லை, ஆங்கிலத்திலேயே பேசினேன். மார்ச் 9 வாராந்திரக் கோப்பு கிளம்பவில்லை, புதிதாகச் சேர்ந்தவர்களின் பெயர்கள் மருந்துக் கடைகளுக்குப் போகவில்லை, இன்றே கையால் ஓட்ட வேண்டும் என்றேன்.

"புரிந்தது மேடம்" என்றார்.

"புரிந்ததை எனக்குத் திருப்பிச் சொல்லுங்கள்."

தயங்கினார். என் கார்டு கடையில் வேலை செய்யவில்லை என்று சொன்னார். இல்லை என்றேன். மறுபடி சொன்னார்; கோப்பு தோற்றுவிட்டது என்றார். தோற்கவில்லை, தொடங்கவே இல்லை என்றேன். மூன்றாவது முறை நிறுத்தி நிறுத்தி, தன் சொந்த வார்த்தைகளில், சரியாகச் சொன்னார். என் பெயர் கேட்டார், சொன்னேன். நீங்கள் இந்த நிறுவனத்தில் வேலை செய்கிறீர்களா என்று கேட்டார்.

"நேற்று வரை. காரணம் என்ற இடத்தில், ஒப்படைத்தவரின் தவறு என்று எழுதுங்கள்."

"ஒப்படைத்தவர் யார் மேடம்?"

"நான்தான்."

விசைப்பலகைச் சத்தம் கேட்டது. பிறகு புகார் எண்ணைச் சொன்னார். ஒன்பது இலக்கம். நேற்று பாதியில் விட்ட பக்கத்தில் எழுதிக்கொண்டு, இன்னொரு முறை வாசிக்கச் சொல்லிச் சரிபார்த்தேன். உள்ளறையில் கணவர் கட்டிலில் புரள்வது கேட்டது. பால் பாத்திரத்தை எடுத்து அடுப்பில் வைத்தேன்.